கிடங்கு வெட்டினவன் சொல்லும் சேதி

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஓரளவுக்கு அப்படியே விடப்பட்டுள்ளது.)

மேடைக்குப் பின்னால் சலங்கையைக் கட்டிக்கொண்டு "இந்த மாமா எப்ப முடிப்பார்?" என்று பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் செயலாளர் தம்பி ரெலிபோன் எடுத்து, "அண்ணை, இந்த முறை நீங்களும் கொஞ்ச நேரம் பேசவேணும்" என்றார். "தம்பி, நான் பட்டிமன்றக்காரனும் இல்லை, பண்டிதரும் இல்லை. டுபாயிலும் அபுதாபியிலும் பதின்மூன்று வருஷம் வெய்யிலுக்குள் கிடங்கு வெட்டினவன். என்னத்தைப் பேசுறது?" என்றேன். "அப்ப கிடங்கைப் பற்றியே பேசுங்கோ" என்று சொல்லிப்போட்டு போனை வைத்துவிட்டார்.

ஆகவே கிடங்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கிடங்குக்குள் போகிற கம்பியைப் பற்றியும், அந்தத் தெருவுக்குப் பொறுப்பான நகரசபையைப் பற்றியும் பேசப்போகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு கையொப்பமும் கேட்கப்போகிறேன். இப்பவே சொல்லிவிட்டால் எழும்பிப் போய்விடுவீர்கள் என்பதால் அது எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

1995 ஐப்பசி இடப்பெயர்வில் நாங்களும் செம்மணி வெளியால் நடந்தவர்கள். பிறகு வன்னி, பிறகு கொழும்பு லொட்ஜ். 1999இல் ஒரு ஏஜென்சிக்காரருக்கு அம்மாவின் கடைசிச் சோடிக் காப்பை விற்றுக் கொடுத்துத்தான் டுபாய்க்குப் போய்ச் சேர்ந்தேன். இங்கே வந்தவர்களை இந்த நாடு அகதி என்று பதிந்தது. அங்கே போனவர்களுக்கு அந்தப் பெயரும் கிடையாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் வளைகுடாவின் ஆறு நாடுகளில் ஒன்றுமே சேரவில்லை. எமிரேட்ஸ், சவூதி, குவைத், கட்டார், பஹ்ரைன், ஓமான் என்று எங்கே போனாலும் சண்டைக்குப் பயந்து வந்தவனும் சரி, வீடு கட்ட வந்தவனும் சரி, எல்லாரும் ஒரே 'லேபர்'தான். வேலை இருக்கும் வரைக்கும் விசா. விசா இருக்கும் வரைக்கும் ஆள்.

எனக்குக் கிடைத்தது கேபிள் தாக்கும் ஒரு கொந்தராத்துக் கம்பனியில் வேலை. படித்தது சாதாரண தரம் என்றபடியால் பிக்காசும் மண்வெட்டியும் தந்தார்கள். அந்த வேலையில் நான் முதன்முதல் படித்த பாடத்தைக் கேளுங்கள். தெரு என்பது மேலே தெரிகிற தார் மட்டுமல்ல. கீழே இன்னொரு ஊர் இருக்கிறது. மின்சாரக் கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், தொலைபேசிக் கம்பி எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போகும். ஒரு தெருவை வெட்டுவதற்கு முன்னர் அந்தந்தப் பகுதியினர் ஒவ்வொருவரிடமும் 'எங்களுக்கு ஆட்சேபனை இல்லை' என்று கடிதம் வாங்கவேண்டும். என்.ஓ.சி. என்பார்கள். கடிதம் கையில் இருந்தாலும் எடுத்தவுடன் மெசினை இறக்கக்கூடாது. முதலில் கையால் ஒரு சின்னக் குழி தோண்டி, கீழே என்ன போகிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும். அந்தக் குழி தோண்டுவதுதான் என் வேலை. மெசின் செய்யப் பயப்படுகிற வேலையை மனுசன் செய்யவேண்டும்.

குழி சரியென்றால் கிடங்கு. கிடங்குக்கு மணல் மெத்தை. அதற்குமேல் குழாய். குழாய்க்குமேல் திரும்ப மணல். அதற்குமேல், பின்னால் வெட்டுகிறவனுக்கு எச்சரிக்கையாக ஒரு நிறப் பட்டி. பிறகு மூடி இறுக்கி, தார் போட்டு, ஒன்றும் நடக்காதது போல் விட்டுவிட்டுப் போகவேண்டும். குழாய்க்குள் கண்ணாடி இழைக் கம்பியை காற்றழுத்தத்தால் ஊதி அனுப்புவார்கள். தலைமயிர் அளவு மெல்லிய கண்ணாடிக்குள்ளால் வெளிச்சம் ஓடுகிறது. அந்த வெளிச்சம்தான் இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் பார்க்கிற படம், நீங்கள் ஊருக்குக் கதைக்கிற கதை, வங்கிக் கணக்கு, வைத்தியரின் கடிதம் எல்லாம்.

இதில் ஒரு கணக்கை மனதில் வைத்திருங்கள். இந்த வேலையில் பெருஞ்செலவு கண்ணாடிக் கம்பிக்கு அல்ல, கிடங்குக்குத்தான். தெருவை வெட்டுகிறதும் மூடுகிறதும்தான் காசு. தெரு யாருடையது? நகரசபையினுடையது. ஆகவே இன்ரநெற் என்பது வானத்திலிருந்து வருகிற காரியம் மாதிரித் தெரிந்தாலும், அடியில் பார்த்தால் அது குப்பை அள்ளுகிறது, வாய்க்கால் வெட்டுகிறது போன்ற ஒரு நகரசபைக் காரியம்தான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. முதுகால் படித்தேன்.

இனி வளைகுடாவின் கதை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டும் என்று வளர்ந்தவன் நான். அந்த நாட்டு உப்பில்தான் என் தங்கச்சியின் கலியாணம் நடந்தது. ஆகவே குறை சொல்லமுன் நிறையைச் சொல்கிறேன். டுபாய் நகரசபை 1954இல் அமைந்தது. எமிரேட்ஸ் என்ற நாடே 1971 டிசம்பரில்தான் பிறந்தது. அப்படியென்றால் நாட்டுக்கு முந்திப் பிறந்த நகரசபை அது. 1976இல் எல்லா எமிரேட்ஸுக்குமாக எடிசலாட் என்ற தொலைபேசிக் கூட்டுத்தாபனம் வந்தது. 1995இல் பொதுமக்களுக்கு இன்ரநெற் வந்தது. நாங்கள் செம்மணி வெளியில் மழைக்குள் நடந்த அதே ஆண்டு! யாழ்ப்பாணத்தில் 1990இல் நின்ற தொலைபேசி அப்போதும் வரவில்லை. நாங்கள் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம்.

2000இல் டுபாய் இன்ரநெற் சிற்றி திறந்தார்கள். 2001இல் அரசாங்க அலுவல்களைக் கணனி வழியாகச் செய்யும் வாசலைத் திறந்தார்கள். 2007இல் டு என்ற இரண்டாவது கம்பனி கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியது. 2011இல், நகரம் முழுவதற்கும் கண்ணாடி இழை போட்டு முடித்த முதல் தலைநகரம் அபுதாபி என்று அறிவித்தார்கள். வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை போய்ச் சேர்ந்த கணக்கில் பல ஆண்டுகளாக உலகில் முன்னுக்கு நிற்பது எமிரேட்ஸ்தான். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டுக்கு மேல். ஐரோப்பாவில் பல பெரிய நாடுகள் இன்னும் பழைய செப்புக் கம்பியோடு இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ஏன் அங்கே அவ்வளவு வேகமாக முடிந்தது? மேலே இருப்பவர் தீர்மானித்தால் அடுத்த கிழமை மெசின் வந்துவிடும். சபை கூடி விவாதிக்கிறது, எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்கிறது, பத்திரிகையில் கடிதம் எழுதுகிறது எல்லாம் இல்லை. அதோடு, வெட்டுவதற்கு எங்களைப் போல மலிவான கைகள் ஆயிரமாயிரம் இருந்தன. மதிய வெய்யிலில் வெளிவேலை கூடாது என்ற விதியே 2005இல்தான் வந்தது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரைக்கும் நிற்பாட்டவேண்டும். அதற்கு முதல் ஐந்து ஆடி மாதங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று இப்போது நினைத்தாலும் தொண்டை வறளுகிறது.

சரி, கம்பி வந்தது. யாருக்குக் கதைக்க வந்தது?

2009ஆம் ஆண்டைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அம்மா வன்னிக்குள். நான் அபுதாபியில் ஒரு புதுக் குடியிருப்புப் பகுதியில் கிடங்கு வெட்டிக்கொண்டிருக்கிறேன். மாசிக்குப் பிறகு ஒரு தொடர்பும் இல்லை. இரவு வேலை முடிந்து, பத்துப் பேர் படுக்கிற அறையில், ஒரு மலையாளி நண்பனின் சின்னக் கணனியைச் சுற்றி நாங்கள் நாலு தமிழர் குந்தியிருப்போம். ஒரு படம் திறக்க அரை மணித்தியாலம். பகலில் நான் புதைக்கிற கம்பி ஒரு இமைப்பொழுதில் ஆயிரம் படம் கொண்டுபோகும். ஆனால் அந்தக் கம்பி எங்கள் காம்ப் வாசலுக்கு வரவில்லை. அது போன இடம் நாங்கள் கதவைத் தட்டமுடியாத வீடுகள்.

அம்மா உயிரோடு மெனிக் பாமில் இருக்கிறா என்று ஆனி மாதக் கடைசியில்தான் அறிந்தேன். வவுனியாவில் ஒரு மச்சான், முகாம் வேலிக்கு வெளியில் நின்று பார்த்துவிட்டு, கொழும்புக்குச் சொல்லி, கொழும்பிலிருந்து ரெலிபோன் காட் போட்டு எனக்குச் சொன்னார்கள். மூன்று நிமிசம் நாற்பது செக்கன். அதில் இரண்டு நிமிசம் நான் ஒன்றுமே கதைக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

அப்போது நான் யோசித்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். இதை யாரிடம் முறையிடுவது? முதலாளியிடமா? அவர் கிடங்குக்குத்தான் பொறுப்பு. நகரசபையிடமா? நகரசபைக்கு நான் யார்?

டுபாயில் வாடகைக்கு இருக்கிற வெளிநாட்டுக்காரர் ஒவ்வொருவரும் வருட வாடகையில் 5 வீதத்தை நகரசபைக் கட்டணமாகக் கட்டவேண்டும். அது மின்சார, தண்ணீர் பில்லோடு மாதாமாதம் சேர்ந்து வரும். பேர்துபாயிலும் கராமாவிலும் ஒரு பிளாற்றை நாலு குடும்பம் பங்குபோட்டு இருந்த எங்கள் ஆட்களும் தங்கள் பங்கை அதில் கட்டினார்கள். குப்பை ஒழுங்காக எடுக்கிறார்கள், தெரு பளிச்சென்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டின காசுக்கு ஒரு கேள்வி கேட்கிற கதிரை கிடையாது. எமிரேட்ஸில் வாழ்கிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வெளிநாட்டுக்காரர். ஊரில் பெரும்பான்மை, சபையில் பூச்சியம்.

வளைகுடாவில் உள்ளூராட்சித் தேர்தலே இல்லை என்று சொல்லவும் கூடாது. கட்டாரில் 1999 மார்ச் 8இல் 29 பேர் கொண்ட மத்திய நகரசபைக்குத் தேர்தல் வைத்தார்கள். பெண்களும் வாக்களித்தார்கள். பஹ்ரைனில் 2002இல், சவூதியில் 2005இல், ஓமானில் 2012இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நடந்தன. சவூதிப் பெண்கள் முதன்முதல் வாக்குச்சீட்டைத் தொட்டதே 2015 டிசம்பரில், நகரசபைத் தேர்தலில்தான். பாருங்கோ, எந்த நாட்டிலும் சனநாயகம் முதலில் எட்டிப் பார்க்கிற யன்னல் நகரசபைதான். ஆனால் அந்த யன்னல் பெரும்பாலும் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு. கிடங்கு வெட்ட வந்தவனுக்கு அல்ல.

இன்னொரு கதையும் சொல்கிறேன். இது என் தம்பியின் கதை. அவன் இன்னும் டுபாயில்தான் இருக்கிறான். நான் 2012இல் குடும்ப இணைவில் இங்கே வந்துவிட்டேன்.

2017 ஆடி மாதம் அம்மா கிளிநொச்சியில் படுக்கையில் கிடந்தா. நான் இங்கே குசினி மேசையில் போனை நிமிர்த்தி வைத்து, வட்ஸ்அப்பில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தேன். அம்மா, "பெரியவா, சின்னவன் எங்கை? அவனையும் காட்டன்" என்றா. சின்னவனைக் காட்ட முடியவில்லை. எமிரேட்ஸில் அப்போது வட்ஸ்அப், ஸ்கைப் போன்றவற்றில் அழைப்பு எடுக்க விதி இடம் கொடுக்கவில்லை. எழுதி அனுப்பலாம், பதிந்த குரலை அனுப்பலாம், நேரில் கதைக்க ஏலாது. காசு கட்டி வழமையான தொலைபேசியில் குரல் கேட்கலாம். முகம் பார்க்க ஏலாது. சில பெடியள் களவாகச் சுற்றுவழி வைத்திருந்தார்கள். பிடிபட்டால் தண்டம், வேலையும் போகும். தம்பி பயந்தவன்.

ஆகவே நான் என்ன செய்தேன்? தம்பி பதிந்து அனுப்பின குரலை எனது மகளின் போனில் போட்டு, அதை எனது போனுக்குக் கிட்டப் பிடித்து அம்மாவுக்குக் கேட்கச் செய்தேன். அம்மா, "சாப்பிட்டியா ராசா? வெய்யிலுக்குள்ள நிக்காதை" என்றா. அதை மகள் பதிந்து தம்பிக்கு அனுப்பினாள். தம்பி இரவு வேலை. விடியப்புறம் அறைக்கு வந்துதான் கேட்டான். அவன் பதில் அனுப்பினபோது அம்மா இல்லை.

அந்தப் பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை. போட்டுக் கேட்டதும் இல்லை.

இதில் எந்தக் கம்பனியையும் நான் திட்ட வரவில்லை. விதி அப்படி. அதே 2017 செப்டம்பரில் சவூதி அந்தத் தடையை எடுத்துவிட்டது. எமிரேட்ஸில் 2018 தொடக்கத்தில், அனுமதி பெற்ற இரண்டொரு செயலிகளில் மாதம் 50 திர்ஹாம் கட்டி முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று வழி விட்டார்கள். 2020இல் கொரோனா வந்து பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கவேண்டி வந்தபோது சூம் போன்ற சிலவற்றைத் திறந்தார்கள். திறக்க முடிந்ததைத்தான் திறந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கம்பியில் பிழை இருக்கவில்லை. அந்தக் கம்பியில் எது போகலாம், என்ன விலைக்குப் போகலாம் என்று தீர்மானித்த மேசையில், கிளிநொச்சியில் தாயை வைத்திருந்த ஒருத்தரும் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

டுபாயில் எத்தனையோ வருஷம் எந்தத் தெருவுக்கு எந்தக் கம்பனி என்று பிரிந்திருந்தது. பழைய பகுதிகளில் ஒன்று, புதிதாக எழும்பின பகுதிகளில் மற்றது. குடியிருப்பவருக்குத் தெரிவு இல்லை. 2015இல்தான் ஒருவரின் கம்பியில் மற்றவர் சேவை கொடுக்கிற வழி பிறந்தது. ஆகவே அகலப்பட்டை இணையம் என்றால் மூன்று காரியம் என்று நான் பிரித்துப் பார்க்கிறேன். ஒன்று கம்பி. இரண்டு காசு. மூன்று வாய், அதாவது அதைப் பற்றிப் பேசுகிற உரிமை. வளைகுடா முதலாவதை உலகத்துக்கே முந்திச் செய்து காட்டியது. மூன்றாவது இல்லாதபடியால் இரண்டாவதில் ஏழை அடிபட்டான்.

இனி இந்த ஊருக்கு வருகிறேன்.

நான் வந்து அடுத்த வருஷம், எங்கள் வீதிக்கு கண்ணாடி இழை வந்தது. இந்த ரொகாலாண்ட் பகுதியில் அதைக் கொண்டுவந்தது லீசே என்ற நிறுவனம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அது யாருடையது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அது எங்கள் கொம்யூன்களுடையது. தெற்கு ரொகாலாண்டின் கொம்யூன்கள் பல சேர்ந்து வைத்திருக்கும் மின்சார நிறுவனம். ஸ்தவாங்கர் கொம்யூனுக்குத்தான் அதில் பெரிய பங்கு. மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தவர்கள், 2000இன் தொடக்க ஆண்டுகளில், பெரிய தொலைபேசிக் கம்பனிகள் சின்ன ஊர்களுக்கு வரத் தயங்கியபோது, "நாங்களே போடுகிறோம்" என்று இறங்கினார்கள். லாபம் வந்தால் கொம்யூனுக்குத்தான் வருகிறது. பாலர் பாடசாலைக்கும் வயோதிபர் இல்லத்துக்கும் அதிலிருந்து காசு போகிறது. சுவீடனில் ஸ்ரொக்ஹோம் நகரம் 1994இலேயே சொந்தமாக இழைக் கம்பி போட ஒரு நிறுவனம் அமைத்தது. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பி அனுப்பியே வளர்ந்த கேரளாவில் 2023 ஜூனில் மாநில அரசே கே-போன் என்ற இழை வலையைத் திறந்தது. கொம்யூன் வைத்திருப்பதால் மலிவாக வரும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நோர்வேயில் எதுதான் மலிவு? ஆனால் கேட்க ஒரு இடம் இருக்கிறது.

கம்பி போட வந்தவர்கள் ஒரு கடிதம் தந்தார்கள். மகள்தான் வாசித்துச் சொன்னாள். "அப்பா, றோட்டுக் கரையிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் கிடங்கை நாங்களே வெட்டினால் காசு குறைப்பினமாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. பதின்மூன்று வருஷம் ஊரான் வீட்டுக்குக் கிடங்கு வெட்டினவனிடம், உன் வீட்டுக்கு வெட்டிக்கொள் என்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை மண்வெட்டியை எடுத்தேன். பழக்கதோசத்தில் முதலில் கையால் ஒரு சின்னக் குழி தோண்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் வேலியில் சாய்ந்து நின்று, "நீ இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டார். "அபுதாபி யூனிவர்சிற்றி" என்றேன். பிறகு அவருடைய கிடங்கையும் நான்தான் வெட்டிக்கொடுத்தேன். அவர் மனைவி வாபிள் சுட்டுத் தந்தா.

அன்றைக்கு இரவு முழங்கால் நோவோடு படுத்திருக்க ஒரு எண்ணம் வந்தது. எத்தனை கிலோமீற்றர் கிடங்கு வெட்டினேனோ தெரியாது. என் வாசலுக்கு வந்த கிடங்கு இந்தப் பன்னிரண்டு மீற்றர்தான்.

2015 செப்டம்பரில் கொம்யூன் தேர்தல் வந்தது. தபாலில் எனக்கும் ஒரு வாக்காளர் அட்டை. நான் பிழையாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். என்னிடம் நோர்வேக் கடவுச்சீட்டு இல்லை. பிறகுதான் விளங்கியது. இந்த நாட்டில் தொடர்ந்து மூன்று வருஷம் பதிவில் இருந்தால், எந்த நாட்டுப் பிரசையானாலும் கொம்யூன் தேர்தலில் வாக்குப் போடலாம். ஊரில் எனக்கு வாக்குப் போடச் சந்தர்ப்பம் வரவில்லை. 1998இல் யாழ் மாநகரசபைத் தேர்தல் நடந்தபோது நான் வன்னியில். அந்தத் தேர்தலில் மேயராக வந்த சரோஜினி யோகேஸ்வரன் அம்மையார் நாலு மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த மேயரும் அதே ஆண்டில் குண்டுவெடிப்பில் பலியானார். எங்கள் ஊரில் நகரசபைக் கதிரை அவ்வளவு ஆபத்தான கதிரை. இங்கே நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போய், திரைக்குப் பின்னால் நின்று, ஒரு தாளை மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். நாற்பத்துநாலு வயதில் முதல் வாக்கு. அதே தேர்தலுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கு வந்த கம்சாஜினி குணரத்தினம் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் பாராளுமன்றத்துக்கும் போனார்.

"கொம்யூன் கூட்டம் எங்களுக்கு எதற்கு? குப்பை, வாய்க்கால் கதைதானே" என்று எங்கள் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூல்நிலையம் யாருடையது? அரசாங்கத்தினுடையதா? பல்கலைக்கழகத்தினுடையதா? இல்லை. மாநகரசபையினுடையது. 1933இல் கே. எம். செல்லப்பா என்ற ஒரு தனிமனிதர் தன் வீட்டில் தொடங்கிய வாசிகசாலை, பிறகு நகரசபையின் கைக்கு வந்து, 1959இல் அந்த வெள்ளைக் கட்டிடமாக நிமிர்ந்தது. ஏறக்குறைய 97,000 புத்தகங்கள். கடலைக் கடை வைத்திருந்தவரின் பிள்ளையும் டாக்குத்தரின் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து படித்தார்கள். அந்தக் காலத்து அகலப்பட்டை அதுதான். குப்பை அள்ளுகிற சபைதான் அதையும் கட்டியது. அதை எரித்தவர்களுக்கு நகரசபைக் காரியத்தின் பெறுமதி விளங்கியிருந்தது. எங்களுக்குத்தான் மறந்துபோகிறது.

இப்போது நான் கேட்க வந்த கையொப்பத்துக்கு வருகிறேன்.

போன மாசி மாதம் எங்கள் கொம்யூன் நூலகத்தில் ஒரு கூட்டம். வயதுபோனவர்கள் கணனி வழியாக அலுவல் பார்க்கிற கஷ்டத்தைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர் நோர்வேக்கார வயோதிபர் நாற்பது பேர் வந்திருந்தார்கள். தமிழர் இரண்டு பேர். நானும், என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போன நண்பரும். எங்கள் வீடுகளில் என்ன நிலைமை? அம்மம்மாவுக்கு வைத்தியரின் கடிதம் திறக்கவேண்டுமென்றால் பேத்தி பள்ளிக்கூடத்தால் வரவேண்டும். பாங்க் ஐடி பேரனின் தலைக்குள் இருக்கிறது. தாத்தாவின் சலப்பரிசோதனை முடிவை பதினாலு வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கிறது. இது சரியா? கம்பி சுவருக்குள் வந்து நிற்கிறது. வாய் இல்லாதபடியால் அது எங்கள் முதியோருக்கு அபுதாபிக் கம்பி மாதிரித்தான்.

நோர்வேயின் உள்ளூராட்சிச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. கொம்யூனில் வாழ்பவர்களில் 2 வீதம் பேர், அல்லது 300 பேர், கையொப்பம் வைத்து ஒரு முன்மொழிவைக் கொடுத்தால், கொம்யூன் சபை ஆறு மாதத்துக்குள் அதை எடுத்துக் கதைத்து முடிவு சொல்லியே ஆகவேண்டும். குடியுரிமை தேவையில்லை. குடியிருந்தால் போதும். அந்தத் தாள் இப்போது வாசலில், பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. கிழமையில் ஒரு நாள், நூலகத்தில், தமிழ் தெரிந்த ஒருவர் சம்பளத்தோடு இருந்து முதியோருக்கு இந்தக் கணனி அலுவல்களில் உதவவேண்டும். அகதியாக வந்த மற்ற மொழிக்காரரும் தங்கள் மொழிக்குக் கேட்கலாம். எரித்திரியர், சோமாலியர் சங்கங்களுடனும் கதைத்திருக்கிறோம். நேற்று வரைக்கும் 117 கையொப்பம். இந்த மண்டபத்தில் குறைந்தது 200 பேர் இருக்கிறீர்கள். கணக்கை நீங்களே பாருங்கள்.

இன்னொன்று. 2027 செப்டம்பரில் அடுத்த கொம்யூன் தேர்தல். புதிதாக வந்தவர்கள் உங்கள் மூன்று வருஷம் எப்போது நிறைகிறது என்று எண்ணி வையுங்கள். ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போக நிற்கும் உங்கள் சொந்தங்களுக்கும் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு யார் என்று கேட்பதோடு, தங்குமிடத்தில் இன்ரநெற் இருக்கிறதா, வீட்டுக்குக் கதைக்க என்ன வழி, என்ன செலவு என்றும் போகமுன் கேட்கச் சொல்லுங்கள். இன்றைக்கு அங்கே அடையாளம், வேலை ஒப்பந்தம், முறைப்பாடு எல்லாம் போனுக்குள்தான். கம்பி கிடையாதவனுக்குத் தன் ஒப்பந்தத்தையே பார்க்க முடியாது.

என் தம்பி நேற்றும் கதைத்தான். இப்போது காசு கட்டி முகம் பார்த்துக் கதைக்கிறான். "அண்ணை, உங்கை புதுவருசத்துக்குப் பேசப்போறியளாம், என்னத்தைப் பற்றி?" என்று கேட்டான். "கிடங்கைப் பற்றியடா" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப எனக்கும் சேர்த்து ஒரு கையொப்பம் வையுங்கோ" என்றான். அவனுக்காக நான் வைக்க முடியாது. சட்டம் விடாது. உங்களில் ஒருவர் வையுங்கள்.

பிள்ளைகளே, சலங்கையைக் கட்டுங்கள், மாமா முடித்துவிட்டார்.